மௌனம் பொய்யாகுமா?

பொய் சொல்லக் கூடாது என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று என் ஆச்சி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அரிச்சந்திரன் கதையைச் சொன்னார்கள். ஆனால், உண்மையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று கேட்டால் ஆச்சியிடமும் பதில் இல்லை, பள்ளிக்கூடத்திலும் பதில் இல்லை. அரிச்சந்திரனைக் கூட அந்தக் கேள்வியை வைத்து யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. கடைசியில் நாற்பது வயதை ஒட்டி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு பழைய கார்.

கார் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எங்கள் அப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 தான். 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், எங்கள் ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்பது இளைய தலைமுறைக்குக் கட்டுக்கதை போல் இருக்கும். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பிவிட்டு, அப்புறம் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். கறுப்புப் புகை கிளம்பும். பின்னால் சைக்கிளில் வருகிறவர்கள் ஓட்டுகிறவரின் பரம்பரையையே விசாரிப்பார்கள். அந்தக் காரில் எத்தனையோ குறை. ஆனால் எல்லாக் குறையும் வெளியே தெரிந்தது. அதன் மீற்றர் எந்தக் காலத்திலோ நின்றுபோய்விட்டது. ஓடாத மீற்றர் பொய் சொல்லவும் முடியாதல்லவா?

நான் 2016-இல் வாங்கிய காரின் மீற்றர் ஓடியது. அதுதான் தொந்தரவாகப் போயிற்று.

அது ஜப்பானில் மூன்று வருஷம் ஓடிய, ஹைப்ரிட் வகையைச் சேர்ந்த சின்னக் கார். ஜப்பானிலும் நம் நாட்டைப்போல வீதியின் இடப்பக்கமாகவே வாகனம் ஓட்டுகிறார்கள். ஆகவே அங்கே பாவித்த கார் இங்கே வந்தால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அத்துடன் அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. புதிய கார் வாங்கி மூன்றாம் வருஷமும், அதன்பின் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையும் அரசாங்கப் பரிசோதனைக்கு விட வேண்டும். அதற்குச் செலவும் அதிகம். அந்தச் செலவைச் செய்வதைவிடக் காரை விற்றுவிடுவதே மேல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விற்கப்படும் கார்கள் பெரிய ஏல மண்டபங்களுக்கு வருகின்றன. அங்கிருந்து கப்பலேறி, அம்பாந்தோட்டையிலோ கொழும்பிலோ இறங்கி, நம்முடைய விற்பனை முற்றங்களில் மெழுகு பூசி வரிசையாக நிற்கின்றன.

கொழும்பில் ஒரு முற்றத்தில் என் கார் நின்றது. மீற்றரில் 31,000 கிலோமீற்றர். மூன்று வருஷத்துக்கு வருஷம் பத்தாயிரம் என்று நானே கணக்குப் போட்டு, எவ்வளவு பொருத்தம் என்று மெச்சிக்கொண்டேன். விற்பனைக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, இது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை ஓடின கார். வீட்டிலயிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலயிருந்து வீடு. வேற ஓட்டமே இல்ல" என்றார்.

கதை எழுதுகிறவனிடமே கதை சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்த ஆசிரியையைக் கற்பனையில் கண்டுவிட்டேன்! வெள்ளைக் கையுறை போட்டு, முன் ஆசனத்தில் பையன்களுடைய கொப்பிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, அவள் மெல்ல ஓட்டிப் போகிறாள். அவளுக்காகவே பணத்தைக் கொடுத்தேன் என்று சொன்னால் அதில் பாதி உண்மை.

இரண்டு வருஷம் கழித்து, காரைச் செலுத்தும் பெரிய பற்றரி தகராறு செய்தது. கொக்குவிலில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பற்றரியைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து பிரேக் மிதியைப் பார்த்தார், ஸ்ரியரிங்கைத் தடவினார், ஓட்டுகிறவரின் ஆசன விளிம்பை விரலால் அழுத்தினார்.

"சேர், மீற்றர் ஒரு கதை சொல்லுது, பிரேக் ரப்பர் வேறை கதை சொல்லுது. எனக்கெண்டால் ரப்பரிலைதான் நம்பிக்கை" என்றார்.

ஜப்பானிய ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் உண்டு. பரிசோதகர் காரைச் சுற்றிப் பார்த்து, ஓடிய தூரம், தரம், குறை நிறைகள் எல்லாவற்றையும் அதில் எழுதுகிறார். காரின் கோட்டுப்படம் ஒன்று போட்டு, கீறல் இருந்தால் ஓர் எழுத்து, நெளிவு இருந்தால் ஓர் எழுத்து, ஒரு பகுதியையே மாற்றியிருந்தால் இன்னோர் எழுத்து என்று குறிக்கிறார். சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்துச் சிறு கட்டணமும் கட்டினால் அந்தத் தாளின் பிரதியை எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எடுப்பித்தேன். ஒரு இரவு மின்னஞ்சலில் வந்தது. ஓடிய தூரம் 86,214. முன் வலது பக்கத் தகடு ஒருமுறை மாற்றப்பட்டது.

ஆசிரியை அந்தக் கணமே மறைந்துவிட்டாள். 55,000 கிலோமீற்றரையும் யாரோ கழுவித் துடைத்துவிட்டிருந்தார்கள். இக்கால மீற்றரில் பல்சக்கரங்கள் கிடையாது. இலக்கம் ஒரு சின்ன மின்னணுச் சில்லில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதை அழித்து வேறு எழுதுவதற்குக் கையடக்கமான ஒரு கருவியும் சில நிமிஷ நேரமும் போதும். ஐம்பத்தையாயிரம் கிலோமீற்றர் என்றால் பூமியை ஒருமுறை முழுதாகச் சுற்றி, இன்னும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றுகிற தூரம். அவ்வளவு பெரிய பயணம் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் நடக்காததாகிவிட்டது.

கொழும்புக்குப் போனேன். போகும்போது ரயிலில் என்னென்ன வசனம் பேசுவது என்று எழுதாக் குறையாகத் தயார் செய்துகொண்டேன். ஒரு வசனமும் உதவவில்லை. விற்பனைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு என்னைவிட அதிகமாகத் துக்கப்பட்டார். தான் திருப்பவில்லை என்றார். காரை ஏற்றி அனுப்பியவனைத்தான் கேட்க வேண்டும் என்றார். 'பார்த்து, உள்ள நிலையில் ஏற்றுக்கொண்டேன்' என்று நான் கையெழுத்திட்ட தாளையும் மிகுந்த மரியாதையோடு எடுத்துக் காட்டினார். ஜப்பானிலிருந்து ஏற்றி அனுப்பியவருக்கு எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது: கார் கப்பலில் ஏறியதோடு தங்கள் பொறுப்பு முடிந்துவிட்டது. இடையில் நின்ற தரகர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

யார் திருப்பினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைவிட வேறொரு விஷயம் என்னைச் சிந்திக்க வைத்தது. இந்த வியாபாரத்தில் வங்கியும் ஒரு பங்காளி. நாணயக் கடிதம் என்ற ஏற்பாட்டின் மூலம்தான் பணம் கடல் கடக்கிறது. அதில் வங்கிக்கு ஒரு விதி உண்டு: வங்கி பத்திரங்களைத்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது. பத்திரங்கள் ஒழுங்காக இருந்தால் பணம் போய்விடும். கப்பல்காரர் ஏற்றிய எண்ணிக்கையைப் பார்க்கிறார். சுங்கம் வரியைப் பார்க்கிறது. விற்பனைக்காரர் மெழுகைப் பார்க்கிறார். நான் ஆசிரியையைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தமக்குரியதைச் சரியாகத்தான் பார்த்தார்கள். காரை ஒருவரும் பார்க்கவில்லை. ஜப்பானில் அந்த ஏல மண்டபத்தில் உண்மை எழுதப்பட்டிருந்தது. கார் கப்பல் ஏறியது; தாள் ஏறவில்லை. பொய்யைப் பலர் பங்கு போட்டுக்கொண்டால் ஒருவர் பங்குக்கும் பொய் என்று பெயர் சொல்லும் அளவுக்கு வருவதில்லை போலும்!

ரோமாபுரியில் சிசரோ என்ற பேச்சாளர் இருந்தார். கி.மு. 44-இல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு கதை வருகிறது. சிராக்கூஸ் நகரில் பித்தியஸ் என்று ஒரு லேவாதேவிக்காரன். கடலோரத்தில் ஒரு தோட்டம் வாங்க ஆசைப்பட்ட கேனியஸ் என்ற ரோமானியக் கனவானை அவன் தன் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைத்தான். முதல் நாளே மீனவர்களைக் கூப்பிட்டு, மறுநாள் தன் தோட்டத்துக்கு முன்னால் வந்து மீன் பிடிக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டான். விருந்தாளி வந்தபோது கண்ணுக்கு எட்டிய வரை படகுகள்! ஒவ்வொருவனும் மீனைக் கொண்டுவந்து பித்தியஸின் காலடியில் கொட்டுகிறான். கனவானுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவிட்டார். மறுநாள் நண்பர்களை அழைத்துவந்தால் ஒரு துடுப்பைக்கூடக் காணோம். இன்று மீனவர்களுக்குத் திருநாளோ என்று அயல்வீட்டுக்காரனை விசாரித்தார். இங்கே எப்போதும் யாரும் மீன் பிடிப்பதில்லை, நேற்று என்ன வந்தது என்றுதான் எனக்கு ஆச்சரியம் என்றானாம் அவன்.

இதைப் படித்தபோது எனக்கு ஓர் அற்ப ஆறுதல் உண்டாயிற்று. கேனியஸுக்குப் படகுகள், எனக்கு ஆசிரியை. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக ஏமாறுகிறவர்களின் கூட்டத்தில் நானும் ஒருவன்.

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை. ஏமாற்றப்பட்டவன் நான், ஏமாற்றியவர்கள் அவர்கள். இதில் தர்ம விசாரணைக்கு என்ன இருக்கிறது?

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. வெளிநாட்டு நாணயம் போதவில்லை. 2022-இல் நாடு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பாவனைக்கான கார்கள் மறுபடி வருவதற்கு 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையிலிருந்த ஐந்து வருஷத்தில், கராச்சில் நின்ற பழைய கார் எல்லாம் தங்கமாகிவிட்டன. 2023-இல் மகளின் படிப்புக்காக எனக்குப் பணம் தேவைப்பட்டது. விசாரித்தேன். நான் கொடுத்த விலையைப் போல் இரண்டு மடங்கு போகும் என்றார்கள்.

விளம்பரம் போட்ட இரண்டாம் நாள் ஓர் இளைஞர் வந்தார். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியர். மனைவி தாதி, இரவு வேலை முடிந்து வர வாகனம் இல்லை என்றார். கடன் எடுத்து வாங்கப் போகிறார். காரைச் சுற்றிவந்தார். ரயரைப் பார்த்தார், பற்றரியைப் பற்றிக் கேட்டார், வரிப் பத்திரத்தைப் பார்த்தார். மீற்றரையும் பார்த்தார். அப்போது அது 1,04,000 காட்டியது. உண்மையில் 1,59,000.

"சேர், உங்கட கதையெல்லாம் படிச்சிருக்கிறன். நீங்கள் வைச்சிருந்த கார் எண்டால் நான் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை" என்றார்.

மீற்றரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு லட்ச ரூபாய் முற்பணம் கொடுத்துவிட்டுப் போனார். நான் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

வாசகர்களே, நான் அப்போது ஒரு பொய்யும் சொல்லவில்லை. இதை இப்போதும் சத்தியம் செய்து சொல்வேன். சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது.

அன்று மாலை என் மைத்துனன் வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அத்தான், உங்களுக்கு ஆர் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் மீற்றரைத் திருப்பினியளோ? இல்லை. அவர் கேட்டு நீங்கள் பொய் சொன்னியளோ? அதுவும் இல்லை. பிறகென்ன? அவருக்குக் கண் இருக்கு, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வரட்டும்" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பிழை என்று சொல்ல முடியவில்லை. மனத்துக்கு ரொம்பவும் சௌகரியமாக இருந்தது. தேநீர்க் கோப்பையை எடுக்க வந்த என் மனைவி மட்டும், "இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளை காரைப் பார்த்து வாங்கேல்லை, உங்களைப் பார்த்துத்தான் வாங்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சில பேருக்கு வாதம் செய்யத் தெரியாது; ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது இரவு முழுவதும் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

தூக்கம் வராமல் மறுபடியும் சிசரோவை எடுத்தேன். அதே நூலில், கொஞ்சம் முன்னால், இன்னொரு வழக்கு இருக்கிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வருகிறான். நல்லவன். தனக்குப் பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் கண்டிருக்கிறான். ரோட்ஸ்வாசிகளுக்கு அது தெரியாது. அவன் அதைச் சொல்ல வேண்டுமா? வாயை மூடிக்கொண்டு நல்ல விலைக்கு விற்கலாமா?

பாபிலோனியாவைச் சேர்ந்த டயோஜினீஸ் என்ற தத்துவ ஆசிரியர் விற்கலாம் என்கிறார். (பகலில் விளக்கோடு மனிதனைத் தேடியவர் வேறு டயோஜினீஸ்.) சட்டம் சொல்லச் சொன்ன குறையைச் சொன்னால் போதும், சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது அவர் கட்சி. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், குருவை எதிர்த்து, கூடாது என்கிறார். விற்கிறவனுக்குத் தெரிந்தது எதுவும் வாங்குகிறவனுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாதாம். மனிதருக்கு மனிதர் உறவு என்றால் அதுதானாம். என் மைத்துனன் சிசரோவைப் படித்ததில்லை. ஆனாலும் அந்தப் பழைய ஆசிரியரின் கட்சியை ஒரு குறையும் இல்லாமல் எடுத்துச் சொல்லியிருந்தான்!

சிசரோ மாணவன் பக்கம்தான் தீர்ப்புச் சொல்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. சும்மா பேசாமல் இருப்பதெல்லாம் மறைப்பு அல்ல. தெரிந்துகொள்ள வேண்டியவனுக்குத் தெரியக் கூடாது என்று, என் லாபத்துக்காக, நான் விரும்பினால் அது மறைப்பு. அதாவது விஷயம் வாயில் இல்லை, விருப்பத்தில் இருக்கிறது. காரைச் சுற்றி வந்த இளைஞர் மீற்றரைக் குனிந்து பார்த்த அந்த ஒரு நிமிஷம் என் மனசு என்ன விரும்பியது என்று நான் அறிவேன். கேட்டுவிடாதே, கேட்டுவிடாதே என்று அது முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

என்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு வாதமும் தேடினேன். மறைப்பது என் தொழில் அல்லவா? கடைசி அத்தியாயத்தில் சொல்ல வேண்டியதை முதல் அத்தியாயத்தில் மறைத்துத்தானே இருபது வருஷமாகப் பிழைக்கிறேன்? ஆனால் கதை வாங்குகிறவர், தம்மிடம் ஒன்று மறைக்கப்படும் என்று தெரிந்தே, அதற்காகவே, காசு கொடுக்கிறார். கடைசியில் அது அவர் கைக்கு வந்தும் விடுகிறது. கார் வாங்கின ஆசிரியருக்கு எந்த அத்தியாயத்தில் அது தெரியவரும்? கொக்குவில் மெக்கானிக்கின் கராச்சில், கடன் பாதிகூடக் கட்டி முடியாத சமயத்தில்.

நானும் ஒருவனிடம் ஏமாந்தேன்தானே, அந்த நஷ்டத்தை எங்கே ஈடுசெய்வது என்று மனசு கடைசியாக ஒரு கேள்வி கேட்டது. இதுதான் எல்லாவற்றிலும் பலமான கேள்வி. எனக்குச் செய்யப்பட்ட அநியாயத்தை என் கையால் அடுத்தவனுக்குக் கைமாற்றிவிட்டு நான் சுத்தமாக விலகிக்கொள்ளலாம் என்று அது ஆசை காட்டியது. கொழும்பு விற்பனைக்காரரும் ஒருவேளை அப்படித்தான் நினைத்திருப்பாரோ? அவரும் எங்கோ ஏமாந்து, என்னிடம் தள்ளிவிட்டாரோ? அவரை நான் திட்டிய வசவுகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவற்றில் நல்ல வசவுகளாகப் பார்த்து எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் அந்த ஆசிரியரை வரச் சொல்லி, ஏலத் தாளின் பிரதியையும் முற்பணத்தையும் மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். உண்மை சொன்னால் கதையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்திருக்க வேண்டும். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"வேறை என்ன சேர் இருக்கு?" என்று கேட்டார்.

வேறு ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நான் முதல் நாளே சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ! மூன்று நாள் கழித்து ஒன்றைச் சொல்கிறவன் இன்னும் எத்தனையை வைத்துக்கொண்டிருக்கிறானோ என்று அவர் நினைத்ததில் தப்பு என்ன? பணத்தை எண்ணிப் பார்த்துப் பையில் வைத்தார். என் முன்னாலேயே எண்ணினார். முதல் தடவை வந்தபோது அவர் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை.

1970-இல் ஜார்ஜ் அக்கர்லோப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் பாவித்த கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பழுதான காரை அமெரிக்கப் பேச்சு வழக்கில் எலுமிச்சம்பழம் என்பார்கள்; கட்டுரைத் தலைப்பிலேயே அந்த எலுமிச்சம்பழம் இருந்தது. மூன்று சஞ்சிகைகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பிறகே அது அச்சேறியது. (எழுதுகிறவர்கள் இதைக் கேட்டு ஆறுதலடையலாம்.) 2001-இல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: காரின் குறை விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவன் எல்லாக் காரையும் சந்தேகித்து நடுத்தரமான ஒரு விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்க மாட்டான், விலகிவிடுவான். கடைசியில் சந்தையில் எலுமிச்சம்பழம்தான் மிஞ்சும். அதாவது ஒருவன் மறைப்பதன் நஷ்டத்தை மறைக்காதவனும் சேர்ந்து கட்டுகிறான். அந்தக் கட்டுரை வெளிவந்து இரண்டு வருஷத்தில், 1972-இல், மீற்றரைத் திருப்புவதைத் தடைசெய்து, விற்கும்போது ஓடிய தூரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கா ஒரு சட்டமும் செய்தது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் அந்த இளைஞர் பணத்தை எண்ணியதற்குச் சட்டத்தில் என்ன பரிகாரம் இருக்கிறது? அவர் என்னிடம் கொண்டுவந்த நம்பிக்கையை மூன்று நாள் நான் வைத்திருந்து, கெட்டுப்போன பிறகு திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, சாவகச்சேரிப் பக்கம் வாடகை வான் ஓடுகிற ஒரு பெரியவர் வந்தார். அவருக்கு முதல் வார்த்தையிலேயே தாளைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதோ? ஓடட்டும் தம்பி, கார் ஓடத்தானே செய்தது. விலையைச் சொல்லுங்கோ" என்றார்.

ஆசிரியர் ஒப்புக்கொண்ட விலைக்கு ஆறு லட்சம் குறைவாகக் கொடுத்தேன். ஏலத் தாளை வரிப் பத்திரத்தோடு சேர்த்து உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் விற்கும்போது அந்தத் தாளும் காரோடு போகுமா என்பது அவருடைய விஷயம். ஆறு லட்சம் சின்னத் தொகை அல்ல. மகளின் முதல் வருஷச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டி வந்தது. உண்மை சொன்னதால் மனம் லேசாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். சில மாதங்கள் அந்த ஆறு லட்சம் மனத்தில் கனத்துக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த வருஷம் நல்லூர்த் திருவிழாவில் அந்த ஆசிரியரைத் தற்செயலாகக் கண்டேன். மனைவியும் கைக்குழந்தையும் கூட நின்றார்கள். முகம் கொடுத்துப் பேசுவாரோ என்று தயங்கினேன். அவர் சந்தோஷமாகவே பேசினார்.

"கார் வாங்கியிட்டன் சேர். ஜப்பான் கார்தான். நாற்பதாயிரம்தான் ஓடினது. வித்தவர் நல்ல மனிசன், ஒரு குறையும் சொல்லேல்லை" என்றார்.

குறை சொல்லவில்லை என்பதையே அவர் நன்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தார். அவரை அப்படி எண்ண வைத்ததில் என் பங்கும் இருந்திருக்கலாம். சேசிஸ் இலக்கத்தை அனுப்பி ஏலத் தாளை எடுத்துப் பாருங்கள் என்று நுனி நாக்கு வரை வந்துவிட்டது. அந்தப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "இப்ப இரவு வேலைக்குப் பயமில்லை" என்று சிரித்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சிசரோவின் கணக்கில் இந்த மௌனம் மறைப்பு ஆகாது. எனக்கு இதில் ஒரு சதம் லாபம் இல்லை. அவர்களுடைய காரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. சந்தேகம் மட்டுமே உண்டு. சந்தேகத்தைச் சொல்லி ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் கெடுப்பானேன் என்று நியாயமும் இருக்கிறது. ஆனால் சந்தேகம் உண்மையாக இருந்தால், அது அவர்களுக்கு இன்று தெரிவதா, கடன் பாதி கட்டிய பிறகு தெரிவதா, எது நல்லது? லாபத்துக்காகப் பேசாமல் இருந்தது தவறு என்று எனக்கு ஒரே இரவில் தெரிந்துவிட்டது. இரக்கத்துக்காகப் பேசாமல் இருந்தது சரியா என்பதுதான் இன்னும் தெரியவில்லை. பல இரவுகள் யோசித்துவிட்டேன். என் மனைவியிடம் கேட்டால் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவாள். அதற்குப் பயந்துதான் கேட்காமல் இருக்கிறேன்.